மூன்று நிமிடத்துக்கு எந்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்'?

அக்கா மகள் போன வாரம் கூப்பிட்டாள். பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா, இவளுக்குத் தனிப்பாட்டு. மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் மைக்கை வாங்கிவிடுவார்களாம். பக்கவாத்தியம் என்று பார்த்தால் வகுப்புத் தோழன் ஒருவனின் கீபோர்டு மட்டும். பாட்டு ஏற்கெனவே முடிவாகிவிட்டது: 'ஒயிட் கிறிஸ்துமஸ்', பனி பெய்யும் கிறிஸ்துமஸைக் கனவு காணும் ஆங்கிலப் பாட்டு.

"மாமா, தேடினா வந்துக்கிட்டே இருக்கு. எதைக் கேட்டுக் கத்துக்கிறது?"

நியாயமான கேள்விதான். ஏழெட்டு வருடம் கர்நாடக சங்கீதம் படித்த பெண். பாடாந்தரம், அதாவது ஒரு பாட்டை ஒருவரிடம் கேட்டுக் கற்கும் வடிவம், என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எந்தப் பாடாந்தரம் தொண்டையில் உட்காருகிறதோ அதுதான் கடைசிவரை கூட வரும். அப்புறம் எத்தனை பேர் பாடிக் கேட்டாலும் குரல் பழைய இடத்துக்கே போய் நிற்கும். ஆகவே கற்றுக்கொள்ளும் முன்பே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இரண்டு இரவு உட்கார்ந்து கேட்டுவிட்டு அவளுக்கு எழுதி அனுப்பியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். இதே பாட்டைப் பாடப்போகிற, அல்லது வீட்டில் ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொள்ள நினைக்கிற யாருக்கும் உதவலாம்.

பதிவுகளுக்குப் போகும் முன் பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லும் மெட்டும் இர்விங் பெர்லினுடையவை. 1888-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். ஐந்து வயதில் குடும்பத்தோடு நியூயார்க்கில் வந்து இறங்கியவர். அப்பா யூத வழிபாட்டில் பாடுகிறவர். கிறிஸ்துமஸ் அவர் வளர்ந்த வீட்டுப் பண்டிகை அல்ல. 1928 டிசம்பர் 25 அன்று, பிறந்து மூன்று வாரமே ஆன அவருடைய ஒரே மகன் இறந்துபோனான். பாட்டுக்கும் அந்த இழப்புக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் போட மாட்டேன். ஆனால் கேட்கும்போது அது நினைவுக்கு வராமலும் இருப்பதில்லை.

பெர்லினுக்கு ஸ்வரம் எழுதவும் வராது, படிக்கவும் வராது. பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில்தான் வாசிப்பார். நம் கணக்கில் சொன்னால் அவருடைய சுருதி நாலரைக் கட்டை. வேறு சுருதி வேண்டுமென்றால், பியானோவின் அடியில் இருக்கும் ஒரு நெம்புகோலைத் தள்ளுவார். விரல் அதே கட்டைகளில் ஓட, சுருதி மட்டும் மாறிவிடும். இன்றைய கீபோர்டுகளில் ட்ரான்ஸ்போஸ் என்றொரு பொத்தான் இருக்கிறதே, அதே வேலை.

மெட்டு பார்வைக்குச் சாது. தொடக்க வரியை ஸ்வரமாகச் சொல்லிப் பார்த்தால் அதன் வேலை தெரியும். அந்தர காந்தாரத்தில் தொடங்கி, சுத்த மத்யமத்தைத் தொட்டுத் திரும்பி, காந்தாரத்துக்கு அரை ஸ்வரம் கீழே இறங்கி, மறுபடி காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம். பாட்டின் பெயர் வரும் இடத்தில் இரண்டு மத்யமமும் ஒட்டி ஒட்டி வருகின்றன. கர்நாடகக் குரலுக்கு இங்கே ஒரு ஆபத்து உண்டு: பழக்க தோஷத்தில் ஸ்வரத்தை அசைத்துக் கமகம் போட்டுவிடுவோம். போட்டால் மெட்டு உடைந்துவிடும். ஒவ்வொரு படியாக, வழுக்காமல், அசைக்காமல் ஏற வேண்டும். இருட்டில் மாடிப்படி ஏறுகிற மாதிரி.

இன்னொரு நுணுக்கம் கீபோர்டு பையனுக்கானது. உன் நாட்களெல்லாம் ஒளியாக இருக்கட்டும் என்று வாழ்த்துகிற வரியில், அந்த 'ஒளி' என்ற சொல்லுக்குக் கீழே கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, சோகம் தொனிக்கும் மைனராக மாறுகிறது. வாய் வெளிச்சத்தைச் சொல்லும்போது அடியில் நிழல் விழுகிறது. பாட்டு முழுக்க ஒரு துக்கச் சொல்கூடக் கிடையாது. அப்படியும் ஏன் தொண்டை அடைக்கிறது என்பதற்கு அந்த ஒரு கார்ட் பாதி விடை.

மீதிப் பாதி தொகையறாவில் இருக்கிறது.

ஆமாம், இந்தப் பாட்டுக்குத் தொகையறா உண்டு. அந்தக் கால அமெரிக்கப் பாட்டுகள் பலவற்றுக்கும் உண்டு: தாளம் தளர்வாக, பேச்சு நடையில் சில வரிகள், பிறகு பல்லவி. பெர்லின் எழுதிய தொகையறாவில் பனியே இல்லை. வெயில் அடிக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, ஆரஞ்சு மரமும் பனைவகை மரமும் ஆடுகின்றன. இடம் லாஸ் ஏஞ்சலஸின் பெவர்லி ஹில்ஸ், நாள் டிசம்பர் 24. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வடக்கே போக வேண்டும் போலிருக்கிறது. அதற்குப் பிறகுதான் கனவு தொடங்குகிறது. பனி கொட்டுகிற ஊரில் இருப்பவர் பாடுகிற பாட்டல்ல இது. பனி இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டவர் பாடுவது.

தொகையறாவை வெட்டிவிட்டால் வெயில் மறைந்துவிடுகிறது. வாழ்த்து அட்டைப் படம் மட்டும் மிஞ்சுகிறது. நான் கேட்டவற்றில் பெரும்பாலான பதிவுகள் வெட்டியிருக்கின்றன. என் தராசு இதுதான்: எந்தப் பதிவில் அந்த வெயில் கேட்கிறது? சென்னையில் டிசம்பரில் மின்விசிறிக்கடியில் நின்று பாடப்போகிற பெண்ணுக்கு இது வெறும் ரசனைக் கேள்வி அல்ல. மார்கழிப் பனி என்று நாம் சொல்வது விடியற்காலையில் தலையை நனைக்கிற ஈரம். வெள்ளையாகக் குவிவது எதுவும் இங்கே இல்லை. இருப்பதாக நடித்துப் பாடினால் எடுபடாது.

சரி, பதிவுகள்.

எல்லாவற்றுக்கும் மூலம் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி. 1941 டிசம்பர் 25 அன்று, பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி அமெரிக்காவை இரண்டாம் உலகப் போருக்குள் இழுத்து 18 நாள் கழித்து, வானொலி நிகழ்ச்சி ஒன்றில் முதன்முதலாகப் பாடினார். 1942 மே 29 அன்று டெக்கா நிறுவனத்துக்காக இசைத்தட்டில் பதிந்தார். ஜான் ஸ்காட் ட்ராட்டரின் வாத்தியக் குழு, கென் டார்பியின் பாடகர் குழு. சுமார் 18 நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது என்பார்கள். மே மாதக் கலிபோர்னியாவில் பனிப்பாட்டு. அந்த ஆகஸ்டில் 'ஹாலிடே இன்' படம் வந்தது. அதில் நாயகியும் சேர்ந்து பாடுவார். திரையில் மார்ஜரி ரெனால்ட்ஸ், குரல் மார்த்தா மியர்ஸ். பின்னணிப் பாட்டு நமக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

படம் வந்தபோது வேறொரு பாட்டுதான் ஓடும் என்று எதிர்பார்த்தார்கள். அக்டோபர் இறுதியில் இது முதலிடத்துக்கு வந்து 11 வாரம் உட்கார்ந்துவிட்டது. தூக்கிவிட்டதில் பெரும் பங்கு கடல் கடந்து போயிருந்த சிப்பாய்களுக்கு. ராணுவ வானொலிக்கு அவர்கள் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். வெப்பமண்டலத் தீவில் வியர்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தொகையறா தேவைப்படவில்லை; அவன் நின்ற இடமே தொகையறா. அடுத்த ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறந்த பாட்டுக்கான உறையைப் பிரித்தவர் பெர்லினேதான். தன் பெயரைத் தானே படிக்க வேண்டியதாயிற்று. கிராஸ்பியின் பதிவு 5 கோடி பிரதி விற்றிருக்கும் என்பது கின்னஸ் மதிப்பீடு. உலகிலேயே அதிகம் விற்ற தனிப்பாட்டுத் தட்டு.

இதில் ஒரு குழப்பம். கிராஸ்பி என்று தேடினால் உங்கள் காதில் விழுவது அநேகமாக 1942 பதிவாக இருக்காது. அச்சடித்து அச்சடித்து மூலத்தட்டு தேய்ந்துபோனதால், 1947 மார்ச்சில் அதே குழுவைக் கூட்டி மறுபடி பதிந்தார்கள். முன்பு செய்தது போலவே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனாலும் தொடக்கத்தில் புல்லாங்குழலும், மணி போல ஒலிக்கிற செலஸ்டா என்ற கட்டை வாத்தியமும் சேர்ந்தன. அந்தத் தொடக்கம் கேட்டால் அது 1947.

இரண்டில் எது? பாடம் பண்ண 1947. ஒலி தெளிவு, உச்சரிப்பு தெளிவு. வீட்டில் கேட்க எனக்கு 1942. அதில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, குரலில் ஒரு கவனக்குறைவு இருக்கிறது, இது பெரிய பாட்டாகப் போகிறது என்று அறியாத ஒருவர் பாடுகிற கவனக்குறைவு. 1947-இல் அவருக்குத் தெரிந்துவிட்டது.

கிராஸ்பியிடம் கற்க வேண்டியது பாடாமல் விடுவது எப்படி என்பதை. மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் குரல் விடுகிறார். நீண்ட ஸ்வரத்தின் ஓரத்தில் மேல் ஸ்வரத்தை ஒரு கணம் தொட்டுவிட்டு வருவார். நம் காதுக்குச் சின்னப் பிருகா, அதாவது வேகமான குரல் சுழற்சி, போலக் கேட்கும். அது மட்டும்தான் அலங்காரம். மேடையில் கத்தாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று பாடுகிறவர்களுக்குத் தெரியும்.

குறை ஒன்றுதான், அதுவும் என் தராசின்படி பெரியது: அவர் தொகையறா பாடவில்லை. அவர் பாடாததால் மற்றவர்களில் பெரும்பாலோரும் பாடவில்லை.

பிராங்க் சினாட்ரா 1944-இல் பதிந்தார். 1942 ஆகஸ்டில் அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தது. கொலம்பியா நிறுவனம் 1944 நவம்பர் 11 அன்று இறங்கி வந்தது. மூன்றாம் நாளே சினாட்ரா வாத்தியக் குழுவோடு ஸ்டுடியோவில் நின்றார். அன்று பாடியவற்றில் இதுவும் ஒன்று. மூச்சு விடாமல் இரண்டு வரியை இணைக்கிற வித்தை அவருடையது. முன்பு அவர் பாடிய குழுவின் தலைவர் டாமி டார்சி டிராம்போன் வாசிக்கும்போது மூச்சை ஒளித்து வைப்பதைப் பார்த்துக் கற்றது. மூச்சுப் பயிற்சிக்கு இதைக் கேள் என்று அவளிடம் சொன்னேன். மற்றபடி இது கிராஸ்பி போட்ட கோட்டுக்கு மேலேயே போட்ட அழகான கோடு.

உண்மையிலேயே வேறு பாதையில் போனவர்கள் கறுப்பினக் குழுக்கள். 1948-இல் ராவன்ஸ் குழு, கீழ்ஸ்தாயிக் குரலை முன்னால் நிறுத்திப் பாடியது. அதிலிருந்து பிறந்ததுதான் டிரிஃப்டர்ஸ் குழுவின் 1954 பதிவு. என் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வேறு போட்டியே இல்லை.

அதைக் கேளுங்கள். நான்கு தட்டில் ஒவ்வொன்றையும் மூன்றாக உடைத்து, ஏறக்குறைய திஸ்ர நடையில் பாட்டு அசைகிறது. முதல் சுற்று முழுக்க பில் பிங்க்னி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அடிக்குரலில். பின்னால் மற்றவர்கள் அர்த்தமில்லாத அசைகளைத் தூவிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் சுற்றில் கிளைட் மக்ஃபாட்டர் உள்ளே வருவார், உச்சத்தில், விம்மலும் சிரிப்பும் கலந்த குரல். மெட்டை நேராகப் பாடுவதே இல்லை. வளைத்து, உடைத்து, முடிவில் 'ஜிங்கிள் பெல்ஸ்' துண்டு ஒன்றையும் ஒட்டிவிட்டுப் போவார். கிராஸ்பியிடம் ஏக்கமாக இருந்தது இங்கே விளையாட்டாக மாறியிருக்கிறது. ஆனால் விளையாட்டுக்கு உள்ளே ஒரு குறும்பான கேள்வியும் உண்டு: 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' என்ற பெயரை 1954 அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஐந்தாறு பேர் சிரித்துக்கொண்டே பாடும்போது அந்த 'வெள்ளை' வேறு மாதிரி ஒலிக்காதா? அவர்கள் அதை நினைத்தார்களா என்பது வேறு. என் காதில் அப்படி விழுகிறது.

1990-இல் வந்த 'ஹோம் அலோன்' படத்தில் பொடியன் கண்ணாடி முன் நின்று சீப்பை மைக்காகப் பிடித்து வாயசைப்பானே, அந்தப் பதிவு இதுதான். பள்ளிக்கூடக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பாட்டு என்றாலே அந்தக் காட்சிதான். அதனால் அக்கா மகளுக்கும் சபலம். வேண்டாம் என்றேன். இது ஒருவர் பாடுகிற பாட்டே அல்ல. அடிக்குரல் ஒருவர், உச்சிக்குரல் ஒருவர், நடுவில் மூன்று பேர் இல்லாமல் கட்டடம் நிற்காது. தனியாகப் பாடினால் மிமிக்ரி ஆகிவிடும்.

தனியாகச் செய்து காட்டிய ஒருவர் உண்டு: எல்விஸ் பிரெஸ்லி, 1957. டிரிஃப்டர்ஸ் போட்ட அதே நடை, அதே வளைவுகள், கீழும் மேலும் தன் ஒரே குரலில். பெர்லினுக்கு வந்ததே கோபம். தன் பாட்டைக் கேலி செய்துவிட்டதாக நினைத்து, இதை ஒலிபரப்ப வேண்டாம் என்று வானொலி நிலையங்களுக்கு ஆள் விட்டுத் தொலைபேசியில் சொல்ல வைத்தார். அந்தக் கோபம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மூன்று வருடம் முன்பே டிரிஃப்டர்ஸ் இதே வளைவை வளைத்திருந்தார்கள். அதற்கு இந்த ஆர்ப்பாட்டம் நடக்கவில்லை. கறுப்பினத்தவர் கடைகளில் விற்றவரை கண்ணில் படாத ஒன்று, வெள்ளைக்காரப் பையன் பாடியதும் அவமானமாகிவிட்டது போலும். பதிவாகப் பார்த்தால் எல்விஸுடையது மோசமில்லை. ஆனால் டிரிஃப்டர்ஸைக் கேட்ட பிறகு அதற்குத் தனியாக வேலை இல்லை. 2011-இல் மைக்கேல் பூப்ளேயும் ஷனாயா ட்வெய்னும் சேர்ந்து பாடியதும் அதே டிரிஃப்டர்ஸ் வீட்டுப் பலகாரம், புதுப் பொட்டலத்தில்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960. சுத்தமான சுருதி, துள்ளல். கேட்க இன்பம். ஆனால் அவருக்கு எந்த ஊரையும் நினைத்து ஏக்கம் இருப்பதாகவே தெரியவில்லை. சார்லி பார்க்கர் 1948 டிசம்பர் 25 இரவு நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் மன்றத்தில் சாக்ஸபோனில் வாசித்தது வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானது. வாய்ப்பாட்டே இல்லாததால் நம் போட்டியில் சேர்க்க முடியாது. ஆனாலும் மெட்டுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க ஒரு தடவை கேட்கலாம். 1960-களின் நடுவில் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவும் ஜமைக்காவில் பாடியிருக்கிறது. பனியே பார்க்காத தீவுப் பையன்கள் பாடுகிறார்கள் என்ற எண்ணமே போதும், எனக்குப் பிடித்துவிட்டது. பதிவின் தரம் சுமார்தான்.

ஓட்டிஸ் ரெடிங்கைத் தாண்டிப் போக முடியவில்லை. அவர் பாடியது 1968-இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் உறையும் குளிரில் கிடந்த மொனோனா ஏரியில் அவர் போன விமானம் விழுந்து இறந்துபோயிருந்தார். வயது 26. பதிவு மிக மெதுவாக நகர்கிறது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். கனவு காண்கிறேன் என்பதை வாழ்த்து அட்டையில் எழுதுகிற வாக்கியமாகப் பாடாமல், வீட்டு வாசலில் நின்று கெஞ்சுகிற மாதிரிப் பாடுகிறார். தொகையறா இல்லாமலேயே அந்தத் தூரத்தைக் கேட்க வைத்தவர் இவர் ஒருவர்தான். ஆனால் பதினைந்து வயதுப் பெண் இதைப் பாடம் பண்ணக் கூடாது. அந்தக் குரலை நகல் எடுத்தால் தொண்டையும் போகும், பாட்டும் போகும்.

இனி தொகையறாவை மறக்காத இருவர்.

டார்லீன் லவ், 1963. ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த கிறிஸ்துமஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு. கடைக்கு வந்த நாள் நவம்பர் 22; அன்றுதான் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். கொண்டாட்டத் தட்டை வாங்கும் மனநிலையில் யாரும் இல்லை. ஆல்பம் படுத்துவிட்டது, பல ஆண்டு கழித்தே எழுந்தது. ஸ்பெக்டரின் பாணி சுவர் எழுப்புகிற பாணி. பியானோ, கிதார், தாளவாத்தியம் எல்லாவற்றையும் இரண்டு மூன்றாகக் குவித்து எதிரொலி அறையில் விட்டுக் கலக்குவார். அந்தச் சுவருக்கு மேலே ஏறி நின்று பாடுகிற குரல் டார்லீனுடையது. பாட்டின் நடுவே அவர் பாடுவதை நிறுத்திவிட்டு அந்தத் தொகையறாவைச் சும்மா பேசுகிறார். வெயில், புல், ஆரஞ்சு மரம், லாஸ் ஏஞ்சலஸ். தோழியிடம் தொலைபேசியில் சொல்கிற மாதிரி. அவர் லாஸ் ஏஞ்சலஸ்காரர். அவருக்கு இது கற்பனை அல்ல, ஜன்னலுக்கு வெளியே தெரிவது. அந்தச் சில விநாடிகளில் பாட்டு முழுக்கத் தலைகீழாகிவிடுகிறது.

பார்பரா ஸ்ட்ரைசாண்ட், 1967. இவரும் பெர்லினைப் போலவே யூதர். தொகையறாவைப் பேசாமல் பாடுகிறார், அதுவும் ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்து வைத்து. வார்த்தை புரிய வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது. ஆனால் அவருக்கு அடக்கம் என்பது கொஞ்சம் தூரத்து உறவு. சின்ன ஏக்கம் அவர் வாயில் பெரிய நாடகமாகிறது. பக்கவாத்தியமாக முழு வாத்தியக் குழு இருந்தால் அது தாங்கும். ஒற்றைக் கீபோர்டு தாங்காது.

என் கணக்கு இப்படி வந்தது. இவள் பாடுவது தனியாக, எனவே டிரிஃப்டர்ஸ் வழி அடைபட்டது. நேரம் மூன்று நிமிடம், எனவே தொகையறாவும் பல்லவி ஒரு சுற்றும் பாடி, இரண்டாம் சுற்றில் பாதி மட்டும். வேகமும் அடக்கமும் கிராஸ்பியின் 1947-இலிருந்து. தொகையறாவின் மெட்டு ஸ்ட்ரைசாண்டிடமிருந்து, அவருடைய நாடகத்தைக் கழற்றி வைத்துவிட்டு. மூச்சுக்குச் சினாட்ரா. இரண்டு மத்யமம் வரும் இடத்தைத் தினமும் பத்து தடவை, தம்புராவோடு, கமகம் இல்லாமல். வீட்டில் சும்மா கேட்க ஒரே ஒரு பதிவு வேண்டும் என்று வேறு யாராவது கேட்டால் அங்கே என் விடை வேறு: டிரிஃப்டர்ஸ், கண்ணை மூடிக்கொண்டு.

கூடவே ஒரு கதையும் எழுதி அனுப்பினேன், தொகையறாவை விட்டுவிடக் கூடாது என்பதற்காக. 1975 ஏப்ரல் இறுதியில், வியட்நாம் போர் முடிகிற நேரத்தில், சைகோனைவிட்டு அமெரிக்கர்கள் வெளியேற ஒரு ரகசிய அறிவிப்பு வைத்திருந்தார்கள். வானொலியில் இப்போது வெப்பநிலை 105 டிகிரி, இன்னும் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு இந்தப் பாட்டைப் போடுவார்கள். கேட்டதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கூட வேண்டிய இடத்துக்கு ஓட வேண்டும். நமக்கு அக்னி நட்சத்திரத்தில் 105 பாரன்ஹீட் பழக்கம். அந்தச் சூட்டில் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' கேட்பதை எண்ணிப் பாருங்கள். அடையாளப் பாட்டாக எதையோ எடுக்க நினைத்தவர்கள், தெரியாமலேயே பெர்லினின் தொகையறாவை மறுபடி எழுதிவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. என் கணக்கில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வேகம் கிராஸ்பி, சரி. தொகையறாவை ஸ்ட்ரைசாண்ட் போலப் பாடவில்லை. டார்லீன் லவ் போலப் பேசுகிறாள். "பாடினா எல்லாரும் பாட்டு ஆரம்பிச்சிடுச்சுன்னு கை தட்ட ஆரம்பிச்சிடுவாங்க மாமா. பேசினாத்தான் கேப்பாங்க." இது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் சுற்றின் பாதியில் இன்னொரு மாற்றம். அவள் வகுப்பில் ஒரு பையனுக்குப் போன மாதம்தான் குரல் உடைந்திருக்கிறதாம். பில் பிங்க்னியின் நான்கு வரியை மட்டும் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். கொடுத்துவிட்டாளாம்.

சுருதிதான் இன்னும் முடிவாகவில்லை. இவளுக்கு ஐந்து கட்டை வசதி. கீபோர்டு பையன் நாலரைக்கு மேல் வர மாட்டேன் என்கிறான். அவனாகவே பார்த்துக் கற்றவன், கறுப்புக் கட்டைகளில்தான் அவனுக்கு விரல் ஓடுமாம்.